நாலாவது பக்கம்

கோயம்புத்தூர்,
12.11.1996

அன்புள்ள மாப்பிள்ளை கோபாலசாமி அவர்களுக்கு, மாமனார் காளிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை நாச்சியம்மாளும் சுகம். கொச்சியில் தாங்களும் கீதாவும் குழந்தை ரித்திகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதில் நலம் என்பதே கிடையாது.

தாங்கள் அனுப்பிய லட்சத்தீவுப் பயண விண்ணப்பமும் படப் புத்தகமும் பத்து நாளுக்கு முன்பே வந்துவிட்டன. தங்குமிடத்துக்கு மூன்று கட்டங்கள். ஒன்று, இரவில் கப்பலிலேயே தங்குவது. இரண்டு, பெரிய தீவில் விருந்தினர் விடுதி. மூன்று, குடியிருப்பே இல்லாத சின்னத் தீவில் ஓலைக் குடில். ஒன்றில் டிக் அடித்து இருபதாம் தேதிக்குள் அனுப்பச் சொன்னீர்கள். முப்பத்து மூன்று வருஷம் விடைத்தாளில் டிக் அடித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன்.

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்று அத்தனை வருஷமும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு தீவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை ஏழாம் வகுப்பில் ஆமினா என்ற பிள்ளை எழுந்து, "சார், நடுவுல நின்னா நாலு பக்கமும் தண்ணி தெரியுங்களா?" என்று கேட்டாள். "தெரியும், உட்கார்" என்றேன். எனக்குத் தெரியாது. அவள் இப்போது பேங்கில் வேலையாக இருக்கிறாள், பஸ்ஸில் பார்த்தால், "சார், தீவு பாத்துட்டீங்களா?" என்கிறாள். ஆகவே மூன்றாவது கட்டம். சின்னத் தீவில்தானே நாலு பக்கமும் தெரியும்? பென்சிலால் டிக் அடித்தேன்.

உங்கள் அத்தை பார்த்துவிட்டாள். "ஏனுங்க, குடித்தனமே இல்லாத ஊருல ஒரு வெங்காயம் வேணும்னா ஆரைப் போய்க் கேக்கறது?" சமைத்துப் போட ஆள் உண்டு என்றேன். "அவனுக்கு வெங்காயம் தீந்துபோச்சுன்னா?" இதற்கு எந்தப் பாடப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? அடுத்தது தண்ணீர். சிறுவாணி குடித்த வாய்க்கு வேறு தண்ணீர் சேராதாம், ஐந்து கேன் கொண்டுபோக வேண்டுமாம். தண்ணீர் பார்க்கப் போகிறவன் தண்ணீர் சுமந்துகொண்டு போவது, உதாரணமாக, பொள்ளாச்சிக்குத் தேங்காய் கொண்டுபோவது போல. அந்தப் பொள்ளாச்சியிலிருந்து அவள் தம்பி செங்கோட்டையன் அன்றைக்கென்று பார்த்து வந்து இறங்கினார், என் பூதக்கண்ணாடியை எடுத்தார், படப் புத்தகத்தில் கடலை விட்டுவிட்டுத் தென்னை மரத்தில் காய் எண்ண ஆரம்பித்தார். "குலைக்குப் பத்துக் காய்கூட இல்லீங்க மச்சான், இந்தச் சின்னத் தீவு ஆகாதுங்க." பெரிய தீவில் நல்ல காய்ப்பாம், அங்கே தங்கினால் அவரும் வருவாராம், விதைக்காய்க்கு நாலு சாக்கோடு. கடல் பாக்கத்தானப்பா போறோம் என்றால், "அதுக்கா இத்தன தூரம்? என்ர தோப்புல கட்டில் போட்டுத் தாரேன், தொட்டித் தண்ணியில உப்பைக் கலக்கிப்போட்டாப் போச்சுங்க" என்கிறார். அதற்கு அக்காளும் தம்பியும் சிரித்த சிரிப்பில் என் காபி ஆறிப்போனது. சரி, சண்டை எதுக்கு, கப்பலிலேயே படுத்துக்கலாம்னு ஒன்றில் அடித்தேன். "ஆடற ஊட்டுல எப்படிங்க தூங்கறது?" என்றாள் உங்கள் அத்தை. அழித்து இரண்டு, அழித்து மூன்று, அழித்து மறுபடி இரண்டு. ரப்பரால் தேய்த்துத் தேய்த்து இப்போது மூன்றாவது கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை. அது வழியாக என் வேட்டி தெரிகிறது.

போதும் மாப்பிள்ளை. எனக்குத் தீவும் வேண்டாம், திக்கும் வேண்டாம். விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், ரத்து செய்துவிடுங்கள். ஆமினா பஸ்ஸில் ஏறினால் நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன்.

கீதாவுக்கு என் அன்பு. ரித்திகா நன்றாகப் படித்து நீடூழி வாழட்டும்; தீவுப் பாடம் வந்தால் மட்டும் தாத்தாவிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
காளிச்சாமி

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிவிட்டு வருவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். ஓட்டைக்குப் பக்கத்தில் 'மூணு' என்று எழுதியிருக்கிறாள். பேனாவால். "அந்தப் புள்ளைகிட்ட பொய் சொன்னத என்கிட்டக்கூடச் சொல்லலியே நீங்க" என்றாள். வெங்காயம் என்ன ஆச்சு என்றேன். "ரெண்டு கிலோ கட்டிக்கிட்டாப் போச்சு. நடுவுல நின்னாலும் உங்களுக்குக் கண்ணு முன்னாடிதானுங்க இருக்குது. முதுகுப் பக்கம் தண்ணி இருக்குதான்னு ஆரு பாத்துச் சொல்றது?" ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. மூன்றாவது கட்டம், இரண்டு பேர். செங்கோட்டையனுக்குத் தெரிய வேண்டாம். கப்பலில் ஐந்து கேன் தண்ணீர் ஏற்ற விடுவார்களா என்று விசாரித்து உடனே எழுதவும்.