நூற்றுப் பதினேழாவது கோடு

கழுத்தில் ஒரு பட்டை தொங்கினால் எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு அடையாள அட்டைப் பட்டையும் அளக்கிற டேப்பும் சேர்ந்தே தொங்கின. கேட்கவா வேண்டும்.

அப்போது நான் செம்பூரில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் பியூன். (படிப்பு ஆறாவது. அதிலும் பாதியிலேயே வாத்தியாரும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம்.) தாராவியில் ஒரு கடைக் கட்டடம் விலைக்கு வந்திருந்தது. காட்கோபர் சேட் ஒருவர் தன் ஆயுள் சேமிப்பை அதில் போட நினைத்தார். ஜனம் வருகிற இடமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வழக்கமாகப் பார்க்கிறவருக்கு டெங்கு. முதலாளி மணி சார், மாட்டுங்காக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"சுடலை, நீ தாராவிதானேடா? எதிர் டீக்கடைல உக்காந்துக்கோ. உள்ள போற ஒவ்வொரு தலைக்கும் ஒரு கோடு போடு. முகப்பையும் அளந்துக்கோ. எதுக்குன்னு யார் கேட்டாலும் வாயத் தொறக்காதே, ஓனர் வெலைய ஏத்திடுவான். ஒழுங்கா செஞ்சா இனிமே உனக்கு சைட் வேலைதான்."

சைட் வேலை என்றால் விசிட்டிங் கார்டு உண்டு. என் பரம்பரையில் கார்டு என்றால் ரேஷன் கார்டு மட்டும்தான்.

சட்டையை இஸ்திரி போட்டு, ரயிலில் வாங்கிய காலிப் பட்டையை மாட்டிக்கொண்டு போனேன். முகப்பை அளந்தேன். பதினொரு மணி வரை ஒன்பது கோடு. (அதில் இரண்டு நானே. கக்கூஸ் உள்ளேதான் இருந்தது.) மனசு விட்டுப்போயிற்று. அப்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து காதைக் கடித்தார்.

"தம்பி, இது அந்த சர்வேயா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுல்லா அண்ணாச்சி."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். போய்விட்டார்.

(குடிசையை எடுத்துவிட்டு வீடு கொடுப்பார்கள், பட்டியலில் பேர் ஏற வேண்டும் என்பது தாராவியில் தீராத காய்ச்சல். டேப்போடு ஒருவன் தெரிந்தால் ரேஷன் கார்டோடு பின்னாலேயே ஓடுவோம். நானே ஒருவர் பின்னால் ஓடியிருக்கிறேன். அவர் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட வந்தவர்.) அன்றைக்கு மட்டும் இது என் மண்டையில் ஏறவில்லை.

அரை மணி நேரத்தில் கட்டடத்துக்குள் கூட்டம் அலைமோதியது. குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டேன். என் பக்கத்திலும் ஒரு வரிசை நின்றது. டீ நன்றாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். மழை பெய்தால் அந்தக் கட்டடத்தின் கீழ்க்கடைகளில் முட்டளவு தண்ணீர் நிற்கும், ஷட்டரையே தூக்க மாட்டார்கள் என்று வரிசையில் ஒரு அக்கா புலம்பியது காதில் விழுந்தது. அதற்கு யார் கோடு போடுவது? சாருக்கு போன் போட்டு, "திருவிழா சார்" என்றேன்.

சார் சேட்டோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்த சேட் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்று செக் புக்கை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, நூற்றுப் பதினேழாவதாக உள்ளே போன தலை, பாலிதீன் கவரோடு வெளியே வந்து, வரிசையைப் பிளந்துகொண்டு என் முன்னால் நின்றது.

"சார், எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு, என் பேருல எழுதிக்க..."

என் பெண்டாட்டி பேச்சி. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்கதானா அந்த சர்வே சாரு?"

அப்புறம்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. உள்ளே ஒரு ஜெராக்ஸ் கடை. நூறு பேரும் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனவர்கள். நான் சர்வேக்காரன் இல்லை என்று தெரிந்ததும் வரிசை என்னை நோக்கி நெருங்கியது. பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அடிக்கிறவங்க வரிசையில வாங்க. முதல் ஆளு நானு."

வரிசை சிரித்துவிட்டது. நான் பிழைத்தேன். சார் சிரிக்கவில்லை.

"இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி எத்தனை கோடு? உண்மையச் சொல்லு."

விசிட்டிங் கார்டு கண் முன்னால் பறந்து போனது. சேட் கையில் செக் புக் திறந்தபடியே இருந்தது.

"ஒம்பது சார். அதுல ரெண்டு நானு." முட்டளவு தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

சேட் செக் புக்கை மூடிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். பிறகு செம்பூரில் சின்னதாக ஒரு கடை வாங்கினார். அதற்கும் கோடு போட நான்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மணி சார் அடித்துக் கொடுத்த முதல் விசிட்டிங் கார்டு இன்னும் எங்கள் ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. பேச்சி வைத்தது.

கேபிள்காரரோ தச்சரோ, எங்கள் வீட்டுக்கு டேப்போடு யார் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி: "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

போன வருஷம் நிஜமான சர்வேக்காரர் வந்தபோதும் கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, எங்கள் பேரை எழுதிக்கொண்டு போனார்.