நெத்திலிக்கு ஒரு மழை அலாரம்

மீமிசல்,
வியாழன்.

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பி ஜஸ்டினுக்கு, அக்கா செல்வராணி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். காயப்போட்ட நெத்திலிக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய எலக்ட்ரானிக்ஸ் பெட்டியை வைத்து, யூடியூப் பார்த்துப் பார்த்து, முதலில் ஒரு குட்டி பல்பை மின்ன வைத்தேன். அப்போது வந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை மச்சானிடம் சொல்லாதே. அடுத்து மழை அலாரம். கோடு கோடாக இருக்கிற தகட்டில் துளி விழுந்தால், போர்டு அதைக் கண்டுபிடித்து பஸ்ஸரை அலறவிட வேண்டும். கருவாடு நனையுமுன் அள்ளிவிடலாம். புரோகிராமையும் நானே ஏற்றினேன். ஆனால் மீனுக்கு உப்புப் போட்ட ஈரக் கையோடு தகட்டைத் தொட்டுவிட்டேன். சுள்ளென்ற வெயிலில் அது அலற, தெருவே மீனை அள்ளிக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டுக் காத்தாயி மதினி, "ஏத்தா, இது மழைக்குக் கத்துதா, ஒன் கைக்குக் கத்துதா?" என்றார். உன் மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "நெச மழைக்கு ஒருவாட்டி சரியாக் கத்தட்டும். இல்லேன்னா பெட்டியக் கட்டி ஒந்தம்பிக்கே அனுப்பிரு." நேற்று மேகம் கறுத்ததும், ஐயையோ, போர்டு நனைந்தால் புகைந்துபோகுமே என்று பதறி, தகடு, போர்டு, பஸ்ஸர் எல்லாவற்றின் மேலும் பெரிய அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அண்டாவுக்குள் அது கம்மென்று இருந்தது. இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று நான் காத்திருக்க, நெத்திலி மறுபடி நீந்துகிற அளவுக்கு நனைந்துவிட்டது. ஆகவே தம்பி, இந்தப் படிப்பு எனக்கு வராது. நாளை பெட்டியைக் கூரியரில் போட்டுவிடுகிறேன். அழுகையாக வருகிறது.

உன் வீட்டில் கரண்டும் சமாதானமும் தடைப்படாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,
செல்வராணி.

பின்குறிப்பு (வெள்ளி): பெட்டி வராது. கட்டுமுன், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பேட்டரியை மாட்டி வாசலுக்கு எடுத்து வந்தேன். வீலென்று அலறியது. என்னைத் திட்ட வந்த தெருக்காரர்கள், தலையில் தூறல் விழுந்ததும் ஓடிப்போய் அவரவர் மீனை அள்ளிவிட்டார்கள். யாருக்கும் ஒரு மீன்கூட நனையவில்லை. நெத்திலி போனபின் நம் வீட்டில் காயப்போட்டிருந்த காரல் மீன்தான் மொத்தமும் போச்சு. அது கத்துகிற அழகைப் பார்த்து நான் கைதட்டிக்கொண்டே நின்றுவிட்டேன். உன் மச்சான் சொல்கிறார்: "மிசினு சரியாத்தான் இருக்கு. ஒன்னயத்தான் கட்டி அனுப்பணும்."