எரர் அண்ணன் கட்டிய சாமி லைட்டு

மெஷின் நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் எதிரே போய் நின்று நலம் விசாரிக்கிற மனிதர் எங்கள் ஊர் தெலுக் பங்லிமா காராங் முழுவதிலும் ஒருவர்தான். அவர் எங்கள் முறுக்குத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவராக இருந்தார். பெயர் என்னவோ, எல்லாருக்கும் எரர் அண்ணன். என் மகன் வயதுதான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் வேலையை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். பாக்கெட் போடும் மெஷினுக்கு மூளை ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அதற்கு உத்தரவு போட வெளியே ஒரு டச் ஸ்கிரீன். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். அதில் பேச்சு நின்றால் ஸ்கிரீனில் சிவப்பாக எரர் வரும், மெஷின் மரம் மாதிரி நிற்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்தச் சிவப்பைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவேன்.

அண்ணன் வருவார். ஸ்கிரீனைத் துடைப்பார். "பசியாறிட்டியா?" என்று கேட்பார். பிறகு பாக்கெட் அடுக்கும் பெண்கள் எங்கள் பக்கம் திரும்பி, குற்றவாளியைத் தேடுவார். ஒரு தடவை லெட்சுமியின் சென்ட் வாடைதான் காரணம் என்று அவளைக் கிடங்குப் பக்கம் அனுப்பிவிட்டார். கடைசியில் பார்த்தால் கேபிள் முனை கழன்றிருந்தது. இன்னொரு தடவை இரண்டு மெஷினுக்கு ஒரே நம்பரைப் போட்டு வைத்தது யார் என்று குதித்தார். ஒரே வீட்டு நம்பரில் இரண்டு குடும்பம் இருந்தால் தபால்காரன் எங்கே போவான் என்று எங்களுக்கு ஒரு பிரசங்கம். அந்த நம்பரைப் போட்டதே அவர்தான்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு முறை மெஷின் நின்றால் வெளியிலிருந்து ஆள் வைத்துக்கொள்வேன், நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூசைக்கு மறுநாள் அது நின்றது. தீபாவளி முறுக்கை ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போக வேண்டிய லோரி வாசலில் காத்திருக்கிறது. சிவப்பு வருகிறது, போகிறது, மறுபடியும் வருகிறது.

கேபிளில் ஏதோ மின்சார இரைச்சல் ஏறிப் பேச்சைக் கெடுக்கிறது, ஒவ்வொன்றாகச் சுவிட்சை அடைத்து எதுவென்று கண்டுபிடிக்கிறேன் என்றார் அண்ணன். மாவு பிசையும் மெஷினை அடைத்தார். காற்றாடிகளை அடைத்தார். எங்கள் போன்களைப் பிடுங்கி ஒரு வாளியில் போட்டார். முதலாளி அறையின் ஏர்கோனையும் அடைத்தார். சிவப்பு வருவது நிற்கவில்லை.

முதலாளி வேர்த்துக் கொட்ட வெளியே வந்தார். "எல்லாத்தையும் அடைச்சிட்ட. அது மட்டும் ஏன்லா எரியுது?"

மெஷினைச் சுற்றி, அந்தக் கேபிளோடு பின்னிப் பிணைந்து, கலர் கலராக மின்னிக்கொண்டிருந்தது பூசைக்குக் கட்டிய சரவிளக்கு.

"அது சாமி லைட்டு பாஸ். அதை அடைக்கக் கூடாது."

முதலாளி போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு மறைந்தது. மெஷின் சமர்த்தாக ஓடியது.

"யாரு இதைக் கேபிளோட சேத்துக் கட்டுனது?"

எரர் அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. பூசைக்கு முதல் நாள் நாற்காலி போட்டு ஏறி, நாக்கைத் துருத்திக்கொண்டு அதைக் கட்டியவர் அவர். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம்.

"நாங்கதான் பாஸ்," என்றேன். "அழகா இருக்குமேன்னு." லெட்சுமி முதற்கொண்டு எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள்.

உடனே பாருங்கள், அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. "அறிவு வேணாமா ஆன்டி? கேபிள் மேல யாராச்சும் லைட்டு கட்டுவாங்களா?" என்று பிடித்துக்கொண்டார். முதலாளியே பாவம் பார்த்து, போதும் விடுலா என்று சொல்லிவிட்டு உள்ளே போகும்வரை விடவில்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினோம்.

அதன் பிறகு அவர், யாரும் கூப்பிடாமலே, வேலை முடியும்வரை எங்களோடு நின்று முறுக்குப் பெட்டிகளை லோரியில் ஏற்றினார். ஒன்றுகூட நேராக இல்லை. வேறு யார் அப்படி அடுக்கினாலும் அத்தனையையும் இறக்கச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நானே கதவைச் சாத்தி, லோரியைப் போகச் சொன்னேன்.