இசபெல்லுக்கு இங்கிலீஷ் தெரியும்

என் மனைவி வெளிநாடு போகக்கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் நான் முடிவெடுத்தேன். ஆம்பிளை முடிவு. அசைக்க முடியாத முடிவு. அதை அவளிடம் சொல்வதற்கு மட்டும்தான் தைரியம் வரவில்லை.

என் பெயர் அன்டன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். தோட்டத்தில் என்னைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வீட்டில் நான் எழுந்து நிற்பேன். மற்றபடி மரியாதையில் குறைவில்லை.

மனைவி இசபெல். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தார். எங்கள் ஒரே மகள் பேராதனையில் படிக்கிறாள். ஆக, குவாட்டர்ஸில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். ஒருவர் உத்தரவு போடுவார், மற்றவர் ஒத்துக்கொள்வார். நான் எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அன்று காலை ரொட்டியைக் கல்லில் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, நியூசிலாந்துல எடம் கெடச்சிருச்சு."

"யாருக்கு? மகளுக்கா?"

"எனக்குங்க. மேல்படிப்பு. ஒரு வருஷம். படிப்புச் செலவு அவங்களே பாத்துக்குவாங்க."

நான் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"நீ எப்ப அப்ளிகேசன் போட்ட?"

"சொன்னேனே. நீங்க கிரிக்கெட் பாத்துகிட்டு இருந்தீங்க. 'சரி சரி'ன்னீங்க."

கிரிக்கெட் நேரத்தில் கேட்டால் நான் என் காதையே அறுத்துக் கொடுத்திருப்பேன். அதெல்லாம் சம்மதமா?

"ஒரே ஒரு நிபந்தனைங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நிரூபிக்கணுமாம். அதுக்கு ஒரு பெரிய சோதனை இருக்கு."

அந்த நிமிஷம்தான் என் மூளையில் விளக்கு எரிந்தது. ஆபீஸுக்குப் போனதும் ஃபோனை எடுத்தேன். அவளுக்குக் கொடுத்த கடைசித் தேதிக்குள் அந்தச் சோதனைக்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன். கொழும்பில் இடமில்லை. கண்டியில் இடமில்லை. என் மனதில் மட்டும்தான் இடம் இருந்தது. அங்கே சந்தோஷம் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

இனி நான் எதற்கு 'போகாதே' என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்? 'போ' என்று சொல்லி நல்ல பெயர் வாங்கலாமே!

சாயங்காலம் பக்கத்து குவாட்டர்ஸ் செல்லசாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். தோட்டத்தில் மலைவேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அவர்தான். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இசபெல்லையும் கூப்பிட்டு, தொண்டையைச் செருமினேன்.

"இந்தா பாரு இசபெல். நான் பொண்டாட்டிய அடக்கி வைக்கிற ஆளு இல்ல. ஒனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அந்தப் பல்கலைக்கழகம் ஒத்துக்கிட்டா, ஒன் பெட்டிய நானே தூக்கிகிட்டு கட்டுநாயக்க ஏர்போட் வரைக்கும் வருவேன். கண்டாக்கையா சாட்சி."

செல்லசாமி உருகிப் போனார். "கிளாக்கரய்யா, உங்கள மாதிரி புருசன் யாருக்குக் கெடைக்கும்? ஆமா, அந்தச் சோதனையில என்ன எடுக்கணும்?"

"பேண்ட் ஏழு வேணும்" என்றாள் இசபெல்.

"ஏழு பேண்ட்டா? அவ்வளவு குளுருமா அங்க?"

"அது மார்க்குங்க கண்டாக்கையா. பேண்டுன்னுதான் சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே அவள் தன் ஃபோனைப் பார்த்தாள். "அடடா. தேதிக்குள்ள எங்கயுமே எடம் இல்லையேங்க."

"ஐயையோ! அப்படியா?" என்று நான் நெஞ்சில் கை வைத்தேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

இசபெல் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை மாடு தின்றுவிட்டது என்று சொல்லும் பையனை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"காலையிலயே பாத்துட்டீங்களா?"

நான் இருமினேன்.

"பரவாயில்லங்க. எடம் இல்லன்னா என் இங்கிலீஷ் எங்க போயிரும்? நீங்க சோதனைன்னு சொல்லல. அவங்க 'ஒத்துக்கிட்டா'ன்னு சொன்னீங்க. பூட்டு இருந்தா என்ன, தெறன் இருக்கவளுக்குத் தெறப்பு ஒண்ணே ஒண்ணுதான்னு யாரு சொன்னா? வேற தெறப்பு இருக்கான்னு கேக்குறேன்."

கேட்டாள். அன்றைக்கே எழுதிக் கேட்டாள். மறுநாளே பதில் வந்தது. வேறு வழிகளும் உண்டாம். பட்டப்படிப்பை இங்கிலீஷில் படித்தவர்களுக்குச் சோதனையே வேண்டாமாம்.

"நீ படிச்சது தமிழ்லதானே?" என்றேன். என் குரலில் தேன் வழிந்தது.

"ஆமாங்க. ஆனா வீட்லருந்தே கம்பியூட்டர்ல எழுதுற சோதனையும் ஏத்துக்குவாங்களாம். சனிக்கெழம எழுதுறேன்."

தேன் வற்றிவிட்டது.

அந்தச் சோதனையின் சட்டத்தை அவளே எனக்கு விளக்கினாள். கம்பியூட்டரிலுள்ள கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் வரக்கூடாது. வேறு குரலும் கேட்கக்கூடாது. கேட்டால் சோதனை செல்லாது. இதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புருஷன் மேல் வைத்த நம்பிக்கையாக இருக்கும்.

ஏன் அவளைத் தடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஊர் சிரிக்கும் என்பது நான் வெளியில் சொல்லும் காரணம். 'பொஞ்சாதி வெள்ளக்கார நாட்டுல படிக்கிறா, புருசன் இங்க பருப்பு வேகவைக்கிறான்' என்று பெரட்டுக் களத்தில் பேசுவார்கள். அங்கே காலையில் ஆளுக்கு ஆள் வேலை பிரிப்பதற்கு முன் என்னைப் பிரித்துவிடுவார்கள். உள்ளே இன்னொரு காரணம் இருந்தது. அதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வந்தது. இசபெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் குவாட்டர்ஸ் கதவுகள் வெள்ளைக்காரன் காலத்துக் கதவுகள். சாத்தலாம், பூட்ட முடியாது. நான் குசினிக்குப் போனேன். கலியாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக அடுப்பு மூட்டிப் பிளேன்டீ போட்டேன். கோப்பையை ஏந்திக்கொண்டு மெதுவாகக் கதவைத் தள்ளினேன்.

"கண்ணு, களைச்சுப் போயிருப்ப. பிளேன்டீ குடிக்கிறியா?"

கம்பியூட்டர் 'டொங்' என்றது. திரை சிவப்பாகிவிட்டது.

நான் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். திட்டு விழவில்லை. இசபெல் கோப்பையை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"சீனி போடலீங்க" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு நாள் அவ்வளவுதான். திட்டினால் தாங்கலாம். சீனி போடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பெண்ணோடு ஒரே கூரைக்குக் கீழே எப்படித் தூங்குவது?

மூன்றாம் நாள் அவளே வந்தாள். முகத்தில் கோபமில்லை.

"என்னங்க, அந்தச் சோதனைய திரும்ப எழுத நாளில்ல. கடைசி வழி ஒண்ணு இருக்கு. அந்தப் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை வீடியோவுல பேசிப் பாத்து முடிவு பண்ணுவாங்களாம். இந்தத் தடவ நீங்க டீ கொண்டாற வேணாம். பக்கத்துல வந்து உக்காந்துக்குங்க."

"நானா?"

"நீங்கதான். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நான் ஏன் போகக்கூடாதுன்னு நீங்களே அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. எங்கிட்டதான் சொல்ல மாட்டேங்கிறீங்க. ஒங்களுக்கு இங்கிலீஷுக்கா பஞ்சம்?"

நியாயமான கேள்வி. தோட்டத்தை நடத்த வந்த எத்தனை துரைமாருக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன்! என் கடிதத்தைப் படித்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போன துரைகளே உண்டு. இரவெல்லாம் மனதுக்குள் வசனம் கட்டினேன். அந்தப் பேராசிரியை என் வாதத்தைக் கேட்டு, 'மிஸ்டர் அன்டன், உங்கள் மனைவி அங்கேயே இருக்கட்டும்' என்று கண் கலங்குவதுபோலத் தெரிந்தது.

காலையில் கோட் போட்டு உட்கார்ந்தேன். இசபெல் வழக்கமான பள்ளிக்கூடச் சேலையில் இருந்தாள். செல்லசாமி வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நின்றார். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

திரையில் வெள்ளை முடியோடு ஓர் அம்மா சிரித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ரெஸ்பெக்டட் மேடம்! வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட்..."

அந்த அம்மா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"மேலே ஒன்றுமில்லை மேடம். என் கணவர் கடிதம் மாதிரிதான் பேசுவார். கொஞ்ச நேரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்" என்றாள் இசபெல், வழுக்கிக்கொண்டு போகும் இங்கிலீஷில்.

இதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். என் பக்கத்து இலக்கணப் பிழைகளை நானே திருத்திவிட்டேன்.

"மேடம், இவள் போனால் குடும்பம் ஓடாது" என்றேன்.

"குடும்பம் ஓட வேண்டியதில்லை மேடம். பாத்திரம் கழுவும்போது இவர் ஓடாமல் இருந்தால் போதும்."

"நான் எப்போது ஓடினேன்?"

"நேற்று."

"நேற்று ஆபீஸில் அவசர வேலை!"

"நேற்று பௌர்ணமி, போயா விடுமுறை. ஆபீஸே இல்லை."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ரத்தம் சூடேறியது. கட்டி வைத்த வசனமெல்லாம் காற்றில் போயிற்று.

"சரி, நாற்பத்தைந்து வயதில் எதற்குப் படிப்பு? இருக்கிற வேலை போதாதா? லயத்துப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க நியூசிலாந்து எதற்கு?"

கேட்டு முடித்த பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. இசபெல் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இதே கேள்வியைத்தான் நான் பிறந்ததிலிருந்து கேட்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றார்கள். படித்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா என்றார்கள். வந்தது. கொழுந்துக்கூடையில் காசு சேர்த்து என்னைப் படிக்கவைத்தவளிடம், இவள் எங்கே டீச்சராகப் போகிறாள் என்று சிரித்தார்கள். ஆனேன். இப்போது சோதனைக்கு இடமில்லை என்கிறார்கள். அறைக்குள் டீ வருகிறது. நிரூபித்து நிரூபித்து நான் களைத்துவிட்டேன். ஆனால் நிறுத்த மாட்டேன். இந்த வழி மூடினால் அடுத்த வழி. இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம். அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி போதாது. அவர்களிடம் யாரும் 'உனக்கு இது எதற்கு' என்று கேட்க முடியாதபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைப் படிக்கத்தான் போகிறேன்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எதிர்க்கட்சியில் இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

பேராசிரியை என்னிடம் மெல்லக் கேட்டார். "மிஸ்டர் அன்டன், உண்மையில் உங்களுக்கு என்ன பிரச்சினை?"

துரைமாருக்கு எழுதிய இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்.

"மேடம்... ஐ ஃபியர். ஷீ கோ, ஹவுஸ் எம்டி."

அன்றைக்கு நான் பேசியதில் அந்த அம்மாவுக்கு உடனே புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். இசபெல் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லங்க" என்றாள் தமிழில்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். "நன்றி. நேர்முகம் முடிந்தது. இசபெல்லுக்கு இங்கிலீஷ் தெரியும். இன்றே உறுதி செய்கிறேன்."

திரை அணைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் செல்லசாமி, தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"நில்லு, நில்லு" என்றேன். "அந்தம்மா ஒங்கிட்ட ஒரு கேள்விகூட கேக்கலியே?"

"கேக்க வேண்டியதில்லீங்க. ஒத்திகை பாக்காம இன்னொரு ஆளோட நல்லா வாக்குவாதம் பண்ணிக் காட்டணும். அதுதான் நேர்முகம். ஆள நீயே கூட்டிகிட்டு வான்னாங்க." கம்பியூட்டரை மூடினாள். "டீச்சர்மாரு வந்தா விட்டுக்குடுத்துப் பேசுவாங்க. நெஞ்சுல ஒண்ணும் ஒளிக்காம எங்கூட மல்லுக்கு நிக்க ஒங்கள விட்டா யாருங்க இருக்கா?"

ஆக, அவளைப் போகவிடாமல் தடுக்க நான் கோட் போட்டு வந்து செய்த சண்டைதான் அவளுக்குச் சோதனை. என் எதிர்ப்புதான் அவளுக்குக் கிடைத்த மார்க்கு.

ஆனாலும் நான் சும்மா விடுகிற ஆளில்லை. ஆம்பிளை. அன்று முழுக்க யோசித்தேன். சாயங்காலம் இசபெல் குசினியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து நின்று இரண்டாவது முடிவை அறிவித்தேன்.

"இசபெல், நானும் வர்றேன். சம்பளமில்லாத லீவு போட்டுட்டு வர்றேன். யாரும் என்னத் தடுக்க முடியாது."

"யாருங்க தடுத்தா? வாங்களேன்." அம்மியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அந்தம்மாவும் ஒங்களக் கூட்டிகிட்டு வரச் சொல்லி எழுதியிருக்காங்க. ஒங்க பேச்சு அவங்களுக்கு மனசுல நின்னுருச்சாம். அங்க ஒரு இங்கிலீஷ் வகுப்புல ஒங்களுக்கு எடமே புடிச்சு வச்சுட்டாங்க."

காலையில் போட்ட கோட்டுக்குள் அடங்காத அளவுக்கு எனக்கு மார்பு பெரிதாகிவிட்டது. கடைசியில் என் இங்கிலீஷின் அருமை ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கல்லவா தெரிந்திருக்கிறது!

"பாடம் நடத்தவா?" என்றேன்.

"படிக்கங்க. ஆரம்ப வகுப்பு."