தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்

காலடிப்பேட்டை மியூசிக் கடையில், எழுபதாயிரம் ரூபாய் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திருமலை அரை மணி நேரமாக நிற்கிறார். காலையில் காத்திவாக்கத்தில் இறால் வாரிய கை. விற்பனையாளர் பீம்ராவ் துடைக்கும் துணியோடு அவர் பின்னாலேயே நின்றார்.

தடுக்கவும் முடியாது. முதலாளி அமானின் உத்தரவு அப்படி. "எவன் வேணா எதை வேணா தொடட்டும். கை பட்டாத்தான் ஆசை வரும். ஆனா ரெண்டு மாசத்துல ஒண்ணாவது விக்கணும். இல்லாங்காட்டி கடைய மூடிடுவேன், நீ வேற வேலை பாத்துக்க."

"இன்னாண்ணே, பில்லு போட்டுடவா?" என்று பீம்ராவ் மெல்லக் கேட்டார்.

"நின்னுகினு வாசிச்சா கை புடிபடல நைனா."

சரி, பீம்ராவ் நாற்காலி போட்டார். மறுநாள் திருமலையோடு நாலு பேர் வந்து ஆளுக்கொரு கிட்டாரை எடுத்துக்கொண்டார்கள். கூடவே பிரகாஷ் என்று ஒரு கண்ணாடிக்காரர். "வெரலை இங்க வையி, அழுத்திப் புடி" என்று எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். விவரமான மனிதர், இவரே நாலு கிட்டாரை விற்றுக் கொடுத்துவிடுவார் என்று பீம்ராவ் நம்பினார். எல்லோருக்கும் டீ, அவருக்கு மட்டும் ஸ்பெஷல் டீ.

"டீ சூப்பரா கீது. ஆனா வேர்வை பட்டா கம்பி துருப்புடிச்சிடுமே சார்," என்றார் பிரகாஷ்.

பீம்ராவ் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏசி போட வைத்தார். கூட்டம் பன்னிரண்டானது. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறுக்கு டாண் என்று வந்தார்கள். ஏழுக்கு கிட்டாரைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு ஒழுங்கான வாடிக்கையாளர்களை பீம்ராவ் பார்த்ததே இல்லை. விற்பனை மட்டும் சுத்தமாக இல்லை.

கெடு முடிகிற வெள்ளிக்கிழமை வந்தது. அமான் பூட்டையும் சாவியையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பீம்ராவ் கடைசியாக அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான ராமசெல்வியிடம் போனார். துறைமுக கேன்டீனில் வேலை செய்பவர். மூன்று வாரமாக ஒரே சிவப்பு கிட்டாரைத்தான் எடுக்கிறார்.

"யக்கா, இத்த வூட்டுக்கே எடுத்துகினு போயிடேன். உன் கைக்குன்னே செஞ்சாமாரி கீது. நீ வாங்கலன்னா என் பொழப்பு அம்பேல்."

ராமசெல்விக்குப் பாவமாக இருந்தது. ஸ்பெஷல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த பிரகாஷைக் கண்ணால் காட்டினார்.

"நான் எதுக்குண்ணே தனியா வாங்கணும்? மாஸ்டரு வாங்குற ஃபீஸ்லயே கிட்டாரு, சேரு, டீ எல்லாம் சேர்த்திதான். நீ ஏசி போட்டதுக்கே ஆளுக்கு நூறு ரூபா ஏத்திட்டாரு."