கீழே கட்டிய மணி

மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வது என்று அய்யாசாமி முடிவு செய்தார். மணப்பெண் அதே கனகாம்பாள்தான். அந்த விஷயத்தில் யாரும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

மகள் சுமதி பினாங்கில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் வந்து சில மாதம் தங்க வேண்டும் என்றாள். விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அவர்கள் கல்யாணம் முப்பது வருஷத்துக்கு முன்னால் கோயிலில் நடந்தது. அதற்கு மிஞ்சியிருந்த ஒரே ஆதாரம் ஒரு புகைப்படம். அதில் அய்யாசாமியின் முகம் முக்கால்வாசி மாலைக்குள் இருந்தது. மாலையை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பதிவு அதிகாரி முன்னால் கையெழுத்துக் கல்யாணம். அதற்கு முன், இருவரும் இதுவரை கல்யாணம் ஆகாதவர்கள் என்று வார்டு ஆபீசில் ஒரு கடிதம்.

கடிதம் கைக்கு வந்த அன்று அய்யாசாமி டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காஜா பாய், இப்ப நான் சட்டப்படி தனி ஆளு."

காஜா மைதீன் டீயை ஊதினார். "அதான் முகத்துல ஒரு களை தெரியுது."

அப்போது மணி அடித்தது. களை போய்விட்டது.

இந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரங்கூனில் அவர்கள் தெரு வீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். முனையில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொள்வார்கள். எல்லா வீட்டுக்கும் மேலே ஒரு மணி. நாலாம் மாடிக் கனகாம்பாள் மட்டும் கயிற்றின் கீழ்முனையிலும் ஒன்று கட்டியிருந்தாள். அது டீக்கடை வாசலில், அய்யாசாமியின் முக்காலிக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. மேலேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் கடையில் இருக்கிற அத்தனை பேரும் அய்யாசாமியைப் பார்ப்பார்கள். டீ ஆற்றுபவர் அவருடைய கோப்பையை எடுத்து மூடி வைத்துவிடுவார்.

மணி அடிப்பது கரண்ட் வந்ததற்காக. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். தொட்டி நிரம்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தவறினால் தண்ணீர் மூன்றாம் மாடி ஹுஸ்னா வீட்டுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் கனகாம்பாள் ரைஸ் குக்கர், இஸ்திரி, மிக்சி என்று பறந்துகொண்டிருப்பாள். மோட்டார் அய்யாசாமியின் இலாகா.

கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்றால் ஒரு டீயை ஆரம்பித்து அதே டீயை முடிப்பது என்று நினைத்திருந்தார். அது இன்னும் நடக்கவில்லை.

தேதி கேட்க இருவரும் கியாக்டடா பதிவு ஆபீசுக்குப் போனார்கள். பதிவு அதிகாரி டோ யின் யின் தன் என்ற அம்மாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"வெறும் கையெழுத்துப் போதுமா, சொந்தமாக உறுதிமொழியும் உண்டா?" என்று கேட்டார். "இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி நீங்களே எழுதிக்கொண்டு வரலாம். என் முன்னால் சொன்னால் சான்றிதழோடு சேர்த்துப் பதிந்துவிடுவேன்."

"பதிவீங்களா?" என்றார் அய்யாசாமி.

"முத்திரையோடு."

அய்யாசாமி அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாக ஆரம்பித்தார். "கனகு, நமக்கும் ஒரு உறுதிமொழி எழுதினா என்ன?"

"எழுதுங்க."

"நீ சொல்ல வேண்டியதையும் நானே எழுதிடவா? உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஆமா, நான் சோறு வடிக்கணும். நீங்களே எழுதுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. வார்டு ஆபீஸ் கடிதத்தின் மகிமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதிகாரிக்குப் புரிய வேண்டும் என்பதால் பர்மிய மொழியில் எழுதினார். ஏஜென்சியில் சரக்கு ஒப்பந்தம் எழுதிய கை. எழுத எழுதத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"என் கணவர் வெளியே போனால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எப்போது வருவீர்கள் என்றும் கேட்க மாட்டேன்."

"சரி."

"அவரை மணி அடித்துக் கூப்பிட மாட்டேன்."

கனகாம்பாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். அய்யாசாமியும் பேனாவை நிறுத்தினார்.

"சரி," என்றாள். "அப்ப மோட்டார்?"

"அதான் அடுத்தது. கரண்ட் வந்தால் மோட்டாரும் சோறும் வீட்டில் இருக்கிற என் பொறுப்பு."

"தொட்டி வழிஞ்சா ஹுஸ்னாகிட்ட யாரு திட்டு வாங்குறது?"

"வீட்டுல இருக்கிறவங்க."

"அதையும் போடுங்க. இல்லாட்டிப் பின்னால சண்டை வரும்."

போட்டார். கனகாம்பாள் வெங்காயத்தைக் கடாயில் தள்ளினாள்.

"கேக்க மாட்டேன், அடிக்க மாட்டேன்னு போட்டா ஆச்சா? கேக்காமயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

அய்யாசாமிக்கு அது தோன்றியிருக்கவில்லை. "நீ அப்படித்தானே செய்வே."

"அதுக்குத்தான் சொல்றேன். 'முகம் கோணாமல்'னு ஒண்ணு சேருங்க. திரும்பி வந்ததும் சூடா டீ குடுக்கணும், அதையும் சேருங்க. எழுதுறதுதான் எழுதுறீங்க, ஒழுங்கா எழுதுங்க."

மனைவிமார்கள் வயதானால் கனிந்துவிடுவார்கள் என்று காஜா மைதீனிடம் சொன்னார். காஜா மைதீன் தன் வீட்டில் இன்னும் அந்த வயது வரவில்லை என்றார்.

கல்யாணத்தன்று அய்யாசாமி புது லுங்கி கட்டினார். சாட்சிக்கு அவர் பக்கம் காஜா மைதீன், கனகாம்பாள் பக்கம் அவள் தோழி புஷ்பலதா. புஷ்பலதாவின் மகன் போன வருஷம் இதே அதிகாரி அம்மாள் முன்னால்தான் ஒரு கரேன் இனப் பெண்ணைக் கையெழுத்துப் போட்டுக் கட்டினான். அன்றைக்கும் கனகாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். போய்விட்டு வந்து ஏதோ சொல்லவும் வந்தாள். அய்யாசாமி டீக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

கனகாம்பாள் எழுந்து நின்று வாசித்தாள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மணி என்ற இடத்தில் குரல் இறங்கவில்லை. முகம் கோணாமல் என்ற இடத்தில் முகம் கோணவில்லை. அய்யாசாமிக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. முதல் கல்யாணத்தில்கூட அவருக்கு அப்படி ஆகவில்லை.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா," என்றார் அதிகாரி.

"அவர் எழுதினது," என்றாள் கனகாம்பாள்.

"அப்படியா." அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அய்யாசாமியைப் பார்த்தார். "இப்போது மாப்பிள்ளை."

"நான் எனக்கு ஒண்ணும் எழுதலைங்க."

"தனியாக எழுத வேண்டாம். மணப்பெண் வாசித்ததையே நீங்களும் வாசிக்க வேண்டும். கணவர் என்று வருகிற இடத்தில் மனைவி என்று சொல்லுங்கள். ஒரு பக்க உறுதிமொழியை நான் பதிவதில்லை. என்னிடம் எத்தனை வருஷமாகவோ அதுதான் வழக்கம்."

"அது எனக்குத் தெரியாதே."

"எல்லா ஜோடிக்கும் அப்படித்தான். போன வருஷம் இவர்கள் மகன்கூட," என்று புஷ்பலதாவைக் காட்டினார் அதிகாரி, "அம்மா வீட்டுக்கு அடிக்கடி போக மாட்டேன் என்று பெண்ணுக்கு எழுதி வந்தான்."

"இப்ப எங்க வீட்டுக்கு எப்பவாவதுதான் வர்றான்ணே," என்றாள் புஷ்பலதா.

அய்யாசாமி கனகாம்பாளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வரியை எடுத்துடலாமா?" என்றார்.

"பெண் சொல்லி முடித்துவிட்டார். நீங்கள் சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. இருவரும் வார்டு கடிதத்தில் இருக்கிறபடியே வீட்டுக்குப் போகலாம்."

"போகலாங்க, எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் கனகாம்பாள். "சுமதிகிட்ட நீங்களே பேசிக்கிடுங்க."

அய்யாசாமி வாசித்தார். என் மனைவி வெளியே போனால் எங்கே என்று கேட்க மாட்டேன். எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். மணி அடித்துக் கூப்பிட மாட்டேன். மோட்டாரும் சோறும் வீட்டில் இருக்கிற என் பொறுப்பு. ஹுஸ்னாவின் பெயரையும் சொன்னார். ஒப்பந்தத்தில் ஓட்டை விடக் கூடாது என்று ஏஜென்சியில் கற்றுக்கொண்டவர். ஓட்டை எதுவும் இல்லை. டீ என்ற இடத்தில் காஜா மைதீன் இருமினார். முத்திரை விழுந்தது.

வரும் வழியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். எழுத்தில் எப்படியிருந்தால் என்ன. காலையில் டீக்கடைக்குப் போகிறவர் அவர், வீட்டில் இருக்கிறவள் அவள். உறுதிமொழி வெளியே போகிறவர் பக்கம். கனகாம்பாள் எங்கே போகப்போகிறாள். இந்த யோசனை வந்ததும் அவருக்குப் பசித்தது.

மறுநாள் காலையில் எழுந்தபோது கனகாம்பாள் தலை வாரி, கன்னத்தில் தனாக்கா பூசி, கையில் குடையோடு வாசலில் நின்றாள்.

"எங்..." என்று ஆரம்பித்தார்.

அவள் காத்திருந்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"அரிசி ஊற வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அய்யாசாமி அவசரமாகச் சட்டையை மாட்டினார். ஒரு கை சட்டைக்குள் போயிருந்தபோது தெருவே கூவியது. "மீ லா பி, மீ லா பி." கரண்ட் வந்துவிட்டது. வீட்டில் இருப்பவர் அவர்.

பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். அவள் தூரம் போகவில்லை. டீக்கடையில், அவருடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே புஷ்பலதா. பக்கத்தில் காஜா மைதீன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கனகாம்பாள் டீயை ஒரு வாய் குடித்தாள். கோப்பையை யாரும் மூடி வைக்கவில்லை.

கயிறு அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் போதும். தொட்டார். கீழே மணி அசைந்தது, அடிக்கவில்லை. மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹுஸ்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யாசாமி அண்ணே, தொட்டி பத்திரம். கனகாக்கா சொன்னாங்க, இனிமே உங்களத்தான் கேக்கணுமாம்."

அவர் கயிற்றை விட்டார். உள்ளே போய், முகம் கோணாமல், மோட்டாரைப் போட்டார்.