எங்கள் வம்சத்தில் கிடையாது

வம்சக் காவலர் என்றொரு இனம் உண்டு. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒருவரைப் பார்க்கலாம். பிள்ளையின் எடுப்பான மூக்கு, கணீரென்ற குரல், கணக்கில் வாங்கிய மதிப்பெண் எல்லாம் தன் வழியில் வந்தவை என்பார். சளி, சோம்பல், சோடாபுட்டிக் கண்ணாடி எல்லாம் மனைவியின் சீதனம்.

பட்டு நெசவாளர் கைலாசம் இதில் தேர்ந்தவர். மகள் தேவிப்ரியாவுக்கு ஒன்பது வயது. உடம்பு மட்டும் ஆறு வயதோடு நின்றுவிட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு. சீலியாக் நோய் என்றார் டாக்டர். கோதுமையிலுள்ள புரதம் குடலைப் புண்ணாக்குகிறது. ரவை, மைதா எதுவும் ஆகாது. பெற்றோர் வழியே வரும் மரபணு இல்லாமல் இது வராது, இருவரும் ரத்தம் கொடுங்கள் என்றார்.

"எங்க வம்சத்துல கிடையாது சார். சேலையில ஒரு இழை பிசகினாலே எந்தத் தறின்னு சொல்லிடுவேன். இது தென்னேரி சரக்கு."

தென்னேரி, மனைவி காந்தா பிறந்த ஊர்.

காந்தா, கோதுமை மாவு கலந்த பெருங்காயத்தைக்கூட வீட்டைவிட்டு விரட்டினாள். கைலாசமோ சாயங்காலமானால் மகளுக்குப் பரோட்டா வாங்கி வந்தார். வம்சத்தைவிட டாக்டர் பெரிதா? தின்ற மறுநாளெல்லாம் தேவிப்ரியா சுருண்டு கிடந்தாள்.

"எங்க வீட்டு வயிறு கல்லையும் செரிக்கும். எனக்குந்தான் தினம் உப்பிக்கினு இருக்குது. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"அப்போ ரத்தத்தைக் குடுங்க. தென்னேரி மேலதான் குத்தம்னு எழுதி வாங்கிக்கினு வாங்க. அதுவரிக்கும் கொழந்தைக்குப் பரோட்டா வேணாம்."

குற்றத்துக்கு ஒரு முகவரி கிடைக்காமல் மனிதனுக்குத் தூக்கம் வருவதில்லை. கைலாசம் தீர்ப்பு வாங்கப் போகிறவர் போல் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மரபணு இருவரிடமும் இருந்தது. அது பலரிடம் இருப்பதுதான், சிலருக்கே நோயாகும் என்றார் டாக்டர். காந்தாவுக்கு ஆகவில்லை. கைலாசத்துக்கு ஆகியிருந்தது, குடலையும் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள்.

"உனக்கும் பரோட்டா கிடையாதாப்பா?" என்றாள் தேவிப்ரியா.

"கிடையாதும்மா. இனிமே நம்ம வீட்டுலயே கிடையாது."

அந்த ஒரு பதிலுக்காக அவரைக் கொஞ்சம் பாராட்டலாம். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா?

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஆனா காந்தா, எங்க அப்பா வழியில கிடையாது. எங்க அம்மா திருமுக்கூடல்காரங்க. அவங்க கொண்டாந்தது."

சிரிக்கிறீர்கள். இதே போல் ஒருவர் உங்கள் மாமனார் வீட்டிலும் இருக்கிறார், இல்லையா? பாருங்கள், உங்கள் வம்சத்தில் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.